போரோபுதூர்ப் பௌத்தாலயமும் அருவுருவ ஆராய்ச்சியும்

தோற்றுவாய்

பிறர் மதத்தை ஆராயப் புகுவார் முதற்கண் அம்மதத்தை அம்மதத்தார் கூறுமாறே கூறி, அதன்பின்னரே தம் கோள் நிறுத்தல் வேண்டுமென்பது நம் ஆசிரியர் கொண்ட முறையாகும். அருணந்தி சிவாசாரிய சுவாமிகள் சிவஞானசித்தியார் பரபக்கத்துள் பௌத்தரைச் சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என நால்வகையாக வகுத்து, அவர் கொள்கையைச் சிதைவின்றி எடுத்தோதிப் பின்னரே மறுதலை உரைத்தருளினர். இம்முறையை ஏட்டிற் கண்ட கொள்கைகளுக்கேயன்றிக் கல்லில் அமைத்த கொள்கைகளுக்கும் செலுத்திப் பார்த்தல் பயனுடைத்தென யாம் கருதுகின்றோம். ஆலயமென்பது ஒரு சமயத்தார் தம் கருத்தை வடிவில் எழுதிவைத்த நூலாதலின் என்க.

பௌத்தாலயங்களுள் வடிவாற் பெரியதும் குறிப்புப்பொருளால் நுண்ணியதுமாய் விளங்குவது சாவக நாட்டுப் போரோபுதூர் ஆலயமாம். அதன் அமைப்பைக் கேள்வியுற்ற சைவ அன்பருட் சிலர், "கீழே உருவம், இடையே அருவுருவம், மேலே அருவம், நிலைகளோ ஒன்பது. இது நம் நவந்தருபேதமேயன்றோ? பௌத்தர் நம் பொருளையே தம் பெயராற் கூறினர்" என்பர். மற்றொரு சாரார், "புறச்சமயத்தார் கோயிலை நாம் ஆராய்தல் எற்றுக்கு?" எனப் புறக்கணிப்பர். முன்னையது பொருள் நோக்காத சமரசம். பின்னையது பொருள் நோக்காத பகை. இரண்டும் பரபக்கம் ஓதிய ஆசிரியர் நெறியாகா. ஆதலின், அவ்வாலயத்தின் வரலாற்றையும் அமைப்பையும் கூறி, அதன்கண் நம் சித்தாந்தத்தோடு ஒப்பன யாவை, ஒவ்வாதன யாவை என்பதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இடமும் காலமும்

சாவகமென்னும் பெயர் தமிழர்க்குப் புதியதன்று. புண்ணியராசன் ஆண்ட நாடாக அது மணிமேகலையுட் கூறப்படுகின்றது. இக்காலத்து இந்தோனேசியக் குடியரசின்பாற்பட்ட ஜாவாத் தீவின் நடுப்பகுதியில், யோக்யகார்த்தா நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், கெடு என்னும் செழுஞ்சமவெளியின்கண் இவ்வாலயம் உள்ளது. ஒருபால் மெராபி, மெர்பாபு என்னும் எரிமலைகளும், மற்றொருபால் சும்பிங், சிந்தோரோ என்னும் எரிமலைகளும் சூழ, புரோகோ, எலோ என்னும் இரண்டு யாறுகள் அணித்தே ஓடுகின்றன.

இந்நாட்டிற் பௌத்தத்திற்கு முன்னரே சைவம் வேரூன்றியிருந்ததென்பதற்குச் சங்கால் என்னுமிடத்துக் கல்வெட்டு ஒன்று சான்றாகின்றது. கி. பி. 732-இல் சஞ்சயன் என்னும் மன்னன் ஒரு குன்றின்மீது சிவலிங்கம் தாபித்த செய்தியை அது வடமொழியிற் கூறுகின்றது. அதன் எழுத்து பல்லவர் எழுத்தின் வழிவந்ததாகும். பின்னர் அந்நாட்டிற் சைலேந்திரர் என்னும் அரச மரபினர் மேம்பட்டனர். சைலேந்திரரென்பது மலைக்கரசர் எனப் பொருள்படும். அவர் மகாயான பௌத்தர். கி. பி. 778-இல் எழுந்த கலசான் கல்வெட்டு தாரைக்கு ஆலயம் எடுக்கப்பட்டமையைக் கூறுமிடத்து அவர் பெயரையும் கூறுகின்றது.

போரோபுதூர் ஆலயத்தில் அதனை எடுப்பித்தோன் பெயரோ ஆண்டோ கூறும் கல்வெட்டு இல்லை. அடித்தளச் சிற்பங்களின் மேற்காணும் சிறு எழுத்துக்களின் வடிவு கொண்டும், பிற சாசனங்கள் கொண்டும், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் றொடங்கி ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முற்றுப்பெற்றதென அறிஞர் துணிவர். அதன்பின்னர்ச் சைவம் மீண்டும் மேலோங்கிற்று. பிரம்பனான் என்னுமிடத்துள்ள பெருஞ்சிவாலயத்தோடு பொருத்திக் கொள்ளப்படும் சிவகிருகக் கல்வெட்டு கி. பி. 856-இல் எழுந்தது. அவ்வாலயத்து நடுக்கோயிலிற் சிவபெருமானும், வடக்கிற் றுர்க்கையும், மேற்கில் விநாயகரும், தெற்கில் அகத்தியரும் எழுந்தருளியிருக்கின்றனர். சாவகத்திலும் அகத்தியனார்க்குத் தென்றிசையே உரித்தாயினமை தமிழர் நினைந்து மகிழ்தற்குரியது.

மறைவும் மீட்சியும்

பத்தாம் நூற்றாண்டில் அரசிருக்கை கீழைச் சாவகத்திற்கு மாறியது. ஆலயம் எரிமலைச் சாம்பலாலும் காட்டாலும் மூடப்பட்டு நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1814-இல் ஆங்கில ஆளுநராயிருந்த இராபில்ஸ் என்பார் கேள்வியுற்றுக் கொர்னேலியுஸ் என்னும் பொறியாளரை ஏவி 200 ஆட்களைக்கொண்டு காடு வெட்டுவித்தனர். 1835-இல் ஆலய முழுதும் வெளிப்பட்டது. ஒல்லாந்தராகிய வான் ஏர்ப் என்பார் 1907 முதல் 1911 வரை மேற்றளங்களைச் செப்பஞ்செய்தனர். மழைநீர் உட்புகுந்து சுவர்கள் சாய்ந்தமையின், இந்தோனேசிய அரசும் யுனெஸ்கோவும் 1975 முதல் 1982 வரை சதுரத் தளங்களின் கற்களைப் பிரித்து, நீர் வடிதற்கு வழி அமைத்து, மீள அடுக்கின. 1985 சனவரி 21-இல் வைக்கப்பட்ட வெடிகளால் ஒன்பது தூபிகள் சேதமுற்றுப் பின்னர்த் திருத்தப்பெற்றன. 1991-இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக இவ்வாலயம் சேர்க்கப்பட்டது.

அமைப்பு

நம் ஆலயம்போல் இதற்குக் கருவறை இல்லை. இஃதொன்றே முதற்கண் உணரத்தக்கது. ஓர் இயற்கைக் குன்றைச் சூழ்ந்து, சுண்ணச்சாந்தின்றிக் கல்லொடு கல் பொருத்தி, ஏறக்குறைய 55,000 கனமீட்டர் எரிமலைக்கல்லால் அடுக்கிய மலை இது. அடி ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 120 மீட்டர். உயரம் இப்பொழுது 35 மீட்டர் அளவினது. கீழே சதுரத் தளங்கள் ஆறு. அவற்றின்மேல் வட்டத் தளங்கள் மூன்று. எல்லாவற்றிற்கும் மேலாக நடுவே ஒரு பெருந்தூபி. நாற்றிசையினும் படிகள் உள. சிற்ப வரிசை கீழ்த்திசையிற் றொடங்குதலின் வழிபடுவோர் ஆண்டுப் புகுந்து வலமாகச் சுற்றி ஏறுவர். கதை கூறும் சிற்பங்கள் 1,460, அணிச்சிற்பங்கள் 1,212, ஆகச் சிற்பப் பலகைகள் 2,672. நான்கு சுற்றாலைகளின் இருபுறச் சுவர்களிலுமுள்ள சிற்பங்களை முறைப்படி காண விரும்புவான் முதற்சுற்றாலையை நான்கு முறையும், ஏனைய மூன்றனையும் இவ்விரண்டு முறையும், ஆகப் பத்து முறை வலம்வருதல் வேண்டும்.

நம் கோயிலுட் புகுவான் கோபுரத்து ஒளியினின்றும் படிப்படியாக உட்சென்று, கருவறை இருளில் விளக்கொளியால் இறைவன் திருமேனியைக் காண்கின்றான். ஆண்டு அவனை எதிர்நோக்கி ஒருவர் உளர். போரோபுதூரில் ஏறுவானோ, உயர்ந்த சுவர்களிடைப்பட்ட சுற்றாலைகளினின்றும் மேற்சென்று, சுவரற்ற வெளியையும் வானத்தையும் காண்கின்றான். நம் கோயில் உள்ளே அழைக்கின்றது. அஃது மேலே விடுகின்றது. இவ்வேறுபாட்டை உளங்கொண்டே ஏனையவற்றையும் ஆராய்தல் வேண்டும்.

மறைந்த அடித்தளமும் வினைக்கொள்கையும்

1885-இல் ஐசர்மன் என்னும் ஒல்லாந்தர், இப்பொழுது காணப்படும் அடித்தளத்திற்குள்ளே மற்றோர் அடித்தளம் மறைந்திருத்தலைக் கண்டனர். அதன்கண் 160 சிற்பங்கள் இருந்தன. அவற்றை 1890, 1891 ஆண்டுகளிற் கஸ்ஸியன் செபாஸ் என்பார் நிழற்படமெடுத்தபின் பெரும்பாலும் மீண்டும் மூடினர். தென்கீழ் மூலையிற் சிலவே இன்று காணக்கிடக்கின்றன. ஆலயம் சரியாதிருத்தற்பொருட்டு அணைகல்லாக இம்மூடுதளம் அமைக்கப்பட்டதென்பார் ஒரு சாரார். கருத்துப்பற்றி மூடப்பட்டதென்பார் மற்றொரு சாரார்.

இச்சிற்பங்கள் கர்மவிபங்கம் என்னும் நூற்பொருளைக் காட்டுவன. ஒவ்வொரு பலகையிலும் பெரும்பாலும் வலப்பக்கத்தில் ஒரு வினையும் இடப்பக்கத்தில் அதன் பயனும் செதுக்கப்பட்டுள்ளன. மீனையும் ஆமையையும் கொப்பரையில் வேகவைத்தார் நரகத்துக் கொப்பரையில் வேகின்றனர்; ஈந்தார் செல்வராய்ப் பிறக்கின்றனர். சிலவற்றின்மேற் சிற்பிக்குக் குறிப்பாக, விரூபம், சுவர்க்கம் என்பன போன்ற சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லெழுதத் தெரியாத உழவனும் கண்டுணரும் அறநூல் இதுவெனல் மிகையாகாது.

இதன்கண் சித்தாந்தி நின்று நோக்குதற்குரியது ஒன்று உண்டு. வினை ஒருபுறம், பயன் மற்றொருபுறம். இரண்டிற்கும் இடையே பலவிடங்களில் நிற்பது ஒரு மரமே. செய்தானையும் பயனையும் கூட்டுவான் ஒருவன் ஆண்டுக் காணப்படான். இது சிற்பியின் மறதியன்று; கொள்கையே அஃதாதலின் அவ்வாறு செதுக்கினன். வினை தானே பயன்றருமென்பதும், செய்தானென நிலைபேறுடைய உயிரொன்று இல்லை, கணந்தோறும் தோன்றி அழியும் ஐங்கந்தங்களின் தொடர்ச்சியே உண்டென்பதும் பௌத்தர் துணிபு.

வினை சடமாதலிற் றன்னை அறியாது. செய்த உயிரும் எவ்வினைக்கு எப்பயன் என்று தானாக அறிந்து சென்று பொருந்தமாட்டாது. ஆகலின் இரண்டையும் அறிந்து கூட்டும் முதல்வன் ஒருவன் வேண்டுமென்பது சிவஞானபோத இரண்டாஞ் சூத்திரத்தாற் றுணியப்பட்ட பொருள். உழவுத்தொழிலின் பயனை உழவன் நுகர்தற்கு நிலமும் வித்தும் போதா. செய்தான் இன்னானென்று அறிந்து ஊட்டுவாரும் வேண்டும். அன்றியும், செய்த கந்தம் அழிந்துபோக வேறொரு கந்தம் பயன் நுகருமாயின், நரகக் கொப்பரையில் வேகின்றான் ஆமையை வேகவைத்தவன் அல்லனென்பது படும். தொடர்ச்சியால் ஒருவனேயாமெனின், அத்தொடர்ச்சியைத் தனக்குரியதாகக் கொண்டு நிற்கும் ஒன்று வேண்டுமன்றே? அதனையே யாம் ஆன்மா என்கின்றோம். அறத்தின் உறுதியில் அச்சிற்பம் நம்மோடு ஒக்கும். அறத்திற்கு அடிநிலை கூறுமிடத்து வேறாம்.

சுதனன் தேடிய ஆசிரியர்

முதற்சுற்றாலையின் மேல்வரிசையில் 120 பலகைகளால் இலலிதவிஸ்தரம் கூறும் புத்தர் வரலாறு செதுக்கப்பட்டுள்ளது. துடித உலகினின்றும் இறங்குதல் முதலாகக் காசிக்கு அணித்தாகிய மான்வனத்தில் அறவாழி உருட்டியது ஈறாக அவ்வரலாறு செல்கின்றது, பரிநிருவாணம் காட்டப்படவில்லை. ஏனைய வரிசைகளிற் சாதகக் கதைகளும் அவதானக் கதைகளும் உள. மேலைச் சுற்றாலைகள் மூன்றனையும் நிரப்புவது கண்டவியூகம் என்னும் மகாயான நூலின் பொருளாம். ஒப்புயர்வற்ற போதம் வேண்டிய சுதனன் என்னும் வணிகன் மகன், மஞ்சுசிரீயின் சொற்கேட்டுத் தென்றிசை நோக்கிச் சென்று, ஐம்பதின்மேற்பட்ட நல்லாசிரியரை ஒருவர்பின் ஒருவராக அடைந்து, முடிவில் மைத்திரேயரையும் சமந்தபத்திரரையும் காண்பது அதன் வரலாறு. அவ்வாசிரியருள் துறவியர், அரசர், வணிகர், பெண்டிர், சிறுவர் எனப் பலதிறத்தார் உளர்.

அவருள் ஒருவன் மேகன் என்னும் திராவிடன். திரமிட நாட்டு வச்சிரபுரத்தில் இருந்தவன். அவலோகிதேசுவரர் இருப்பதாகக் கூறும் பொதலகமலையும் தென்றிசைக்கண்ணதே. அதனைப் பொதியிலெனக் கருதுவாரும் உளர். வீரசோழியம் இயற்றிய பௌத்தப் புலவர் அகத்தியனார் அவலோகிதரிடத்துத் தமிழ் கேட்டனரெனக் கூறியதற்கும் இவ்வழக்கே ஏதுப்போலும். நம் நாட்டைத் தம் ஞானயாத்திரையில் ஒரு படியாகக் கொண்டவர் பௌத்தரென்பது இதனாற் போதரும்.

மேகன் செய்தது ஒன்று மடாலயத்தார் கருதற்பாலது. சுதனன் போதசித்தம் எழப்பெற்றவனென அறிந்தவுடன், ஆசிரியனாகிய மேகன் தன் ஆசனத்தினின்றும் இறங்கி மாணாக்கனை வணங்கினன். போதசித்தமே அவர்க்கு வழிபடுபொருளாதலின், அது தோன்றிய இடம் மாணாக்கனாயினும் வணங்கத்தக்கதாயிற்று. நம் நெறியிலோ குருவின்கண் நின்றருளுவோன் சிவபெருமானே. ஆதலின் மாணாக்கன் வணங்குதற்குரியன், குரு அருளுதற்குரியர். ஆண்டு ஆசிரியர் பலர் வழிகாட்டி விலக, நடப்பவன் தானே நடந்து முடிவை அடைகின்றான். ஈண்டு உயிரின் பக்குவம் நோக்கி முதல்வனே குருவாய் எழுந்தருளி மலத்தை நீக்குகின்றான். தேடிச்செல்லும் ஆர்வம் இருவர்க்கும் ஒக்கும். தேடப்படுவோன் தானும் தேடி வருவானென்பது நம்மவர்க்கே உரிய துணிபு.

அந்நல்லாசிரியருள் மகாதேவனென்னும் தெய்வமும் ஒருவராக வைக்கப்பட்டுள்ளார். இதுகண்டு சினத்தலும் மகிழ்தலும் வேண்டா. நம் ஆகமங்களும் பௌத்தர் முத்தியைப் புத்திதத்துவத்தின்கண் வைத்தன. ஒவ்வொரு சமயமும் தன் படிமுறையிற் பிறர்க்கு ஓரிடம் வகுக்கும். இடம் வகுத்தலை உடன்பாடெனக் கொள்ளுதல் பிழை.

ஐந்து முத்திரைகள்

சுற்றாலைச் சுவர்களின் மேலுள்ள மாடங்களில் முறையே 104, 104, 88, 72, 64 ஆக 432 புத்தர் படிமங்கள் இருந்தன. கீழ் நான்கு வரிசைகளிலும், கிழக்கு நோக்கியன நிலந்தொடு முத்திரையுடைய அட்சோபியர். தெற்கு நோக்கியன வரத முத்திரையுடைய இரத்தினசம்பவர். மேற்கு நோக்கியன தியான முத்திரையுடைய அமிதாபர். வடக்கு நோக்கியன அபய முத்திரையுடைய அமோகசித்தி. ஐந்தாம் வரிசையில் நாற்புறமும் விதர்க்க முத்திரையே உண்டு. அதனை வைரோசனர்க்கு உரியதென்பர்.

நாற்றிசைக்கு நால்வர், மேலே ஒருவர் என்னும் இவ்வைப்பு, தற்புருடம் கிழக்கும், அகோரம் தெற்கும், சத்தியோசாதம் மேற்கும், வாமதேவம் வடக்கும், ஈசானம் மேலுமாக நிற்கும் பஞ்சப்பிரம வைப்பை நமக்கு நினைவூட்டுதல் இயல்பே. ஆயின், நம் ஐந்துமுகங்களும் ஒருவனுடைய முகங்கள். அவன் ஐந்தொழில் இயற்றுதற்கு இடமாயின. பௌத்தருடைய ஐவரோ உலகைப் படைத்துக் காத்து அழிப்பவரல்லர். ஐவகை ஞானங்களின் வடிவினரென்று மந்திரயானத்தார் கொள்வர். திசையும் தொகையும் ஒத்தன; தொழில் ஒவ்வாதாயிற்று.

வட்டத் தளங்களும் அருவுருவும்

இனி எடுத்துக்கொண்ட வினாவிற்கு வருவாம். வட்டத் தளங்கள் மூன்றன்கண்ணும் கதைச்சிற்பம் இல்லை. முதற்றளத்தில் 32, இரண்டாவதில் 24, மூன்றாவதில் 16 ஆக 72 தூபிகள் உள. அவை சல்லடைபோற் றுளையுடையன. உள்ளே அறவாழி முத்திரையோடு புத்தர் படிமம் இருக்கும். கீழிரண்டு தளங்களில் துளைகள் சாய்சதுரம், மேற்றளத்தில் நேர்சதுரம். துளைவழி நோக்குவார்க்குப் படிமம் தோன்றியும் தோன்றாமலும் இருக்கும். நடுவணதாகிய பெருந்தூபிக்குத் துளையில்லை. அதனுள் இரண்டு அறைகள் வெற்றிடமாகக் காணப்பட்டன. செதுக்கி முற்றாத புத்தர் படிமம் ஒன்று அதனுள் இருந்ததெனவும், முற்றாமையே கருத்தெனவும் சிலர் கூறுவர். சிற்பியால் விலக்கப்பட்ட கல்லெனச் சிலர் மறுப்பர்.

அடித்தளம் காமதாது, சதுரத் தளங்கள் உருவதாது, வட்டத் தளங்கள் அருவதாது என்பது பலர் கூறும் விளக்கம். அவ்வாலயத்தில் அவ்வாறு கூறும் எழுத்து யாதுமில்லை. ஆயினும் அமைப்பிற்கு இயைபுடைத்தாகலின் அதனையே கொண்டு ஆராய்வாம்.

"சாளரத்துள் மறைந்த படிமம் நம் அருவுருவத் திருமேனியை ஒக்கும், வெற்றிடமாகிய பெருந்தூபி அருவத்தையும் தில்லை இரகசியத்தையும் ஒக்கும்" எனின், அற்றன்று. முதற்கண் சொல்லாராய்ச்சியாலேயே இது மறுக்கப்படும். அருவுரு என்னும் தொடர் தமிழிற் பௌத்த நூலிலும் உண்டு. மணிமேகலையுட் பன்னிரு நிதானங்களுள் ஒன்றாக அருவுரு வருகின்றது. அது வடமொழியில் நாமரூபமென வழங்குவது. உணர்வும் உடம்புமாகிய கூட்டம். பேதைமையினின்றும் தொடங்கிப் பிறவிக்கு ஏதுவாகும் கோவையில் அதுவும் ஒரு கண்ணி, நீக்கப்படுவது. சித்தாந்தத்தில் அருவுருவமோ சதாசிவத் திருமேனி. கரசரணாதி அவயவம் இன்மையின் அருவும், காணப்படுதலின் உருவுமாகிய சிவலிங்கம். அது பிறவியை அறுப்பது, வணங்கப்படுவது. தமிழ்ச்சொல் ஒன்றே, ஒருவர்க்குத் தளை, மற்றவர்க்குத் தளையறுக்கும் திருமேனி. சொல்லொப்புமை கொண்டே பொருளொப்புமை துணிவார் படும் இடர்ப்பாட்டிற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதின்று.

இரண்டாவது, அருவதாது என்பது பௌத்தர்க்கு முடிநிலையன்று. காமம், உருவம், அருவம் மூன்றும் பிறவிச் சுழலுள்ளே அடங்கிய உலகங்களே. புத்தர் துறந்த பின்னர் ஆராடகாலாமர், உத்ரக இராமபுத்திரர் என்பாரை அடைந்து அவர் கற்பித்த அருவநிலைச் சமாதிகளைப் பெற்றும், அவை வீடல்லவென்று விடுத்துச் சென்றனரென்பது இலலிதவிஸ்தரம் கூறும் செய்தி. அச்செய்தி இவ்வாலயத்து முதற்சுற்றாலையிலேயே செதுக்கப்பட்டுள்ளது! கீழே 'அருவம் வீடன்று' எனக் காட்டிய ஆலயம் மேலே அருவத்தையே வீடெனக் காட்டுமென்பது யாங்ஙனம்? ஆதலின், வட்டத் தளங்களை அருவதாது எனக் கொள்ளினும், அவையும் கடக்கப்படுவனவே என்க.

நம் சித்தாந்தத்திலும் அருவம் முடிநிலையன்று என்பதனை அன்பர்கள் நினைவுகூர்தல் வேண்டும். அயன், மால், உருத்திரன், மகேசன் என்னும் உருவம் நான்கும், சதாசிவமென்னும் அருவுருவம் ஒன்றும், விந்து, நாதம், சத்தி, சிவம் என்னும் அருவம் நான்கும் ஆகிய ஒன்பதும் தடத்தமே. உயிர்கள் உய்தற்பொருட்டு இறைவன் அருளாற் கொண்ட நிலைகளே. அவனுடைய சொரூபம் உருவமுமன்று, அருவமுமன்று, அருவுருவமுமன்று.

இதனால் உண்மையான ஒப்புமை யாதெனப் புலனாம். உருவத்தை மட்டுமன்றி அருவத்தையும் கடந்ததே முடிபென்பதில் இரு நெறியும் ஒத்தன. மேலோட்டமாகக் கூறும் ஒப்புமையினும் இஃது ஆழமுடையது. வேற்றுமையும் இவ்விடத்தேயே மிக விளங்குகின்றது. அவர்க்கு மூன்று தாதுக்களும் உயிர்த்தொடர்ச்சி கட்டுண்டு ஏறி இறங்கும் இடங்கள், ஏறுவது சாதகன். நமக்கு நவபேதங்கள் இறைவன் இறங்கிவரும் படிகள், இறங்குவது அருள். கீழிருந்து மேல் எண்ணுவதும் மேலிருந்து கீழ் எண்ணுவதும் தொகையில் ஒக்கும், வழிச்செல்வார் வேறாவர்.

ஒன்பதென்னும் தொகையும் உறுதியுடையதன்று. மூடுதளத்தை நீக்கி எண்ணின் தளங்கள் எட்டாம். கூட்டி எண்ணின் ஒன்பதாம். பெருந்தூபியையும் சேர்த்தெண்ணின் பத்தாம். பத்தெனக் கொண்டு போதிசத்துவர்க்குரிய பத்துப் பூமிகளைக் குறிக்குமென்பாரும் உளர், அவர் கி. பி. 842-இல் எழுந்த சாசனத்துக் காணும் பூமிசம்பாரம் என்னும் பெயர் இவ்வாலயத்தையே சுட்டுமென்பர். எவ்வாறாயினும், எண்ணுவார் விரும்பியவாறு மாறும் தொகையைக் கொண்டு தத்துவம் நிறுவுதல் முறையன்று.

இனி வெற்றிடம் பற்றி ஒரு சொல். தில்லையில் திரை நீக்கிக் காட்டும் வெளி, இல்லாமையைக் காட்டுவதன்று; எங்கும் நிறைந்தான் இன்ன வடிவினன் என்று சுட்டப்படாமையைக் காட்டுவது. அவ்வெளிக்கு அருகே ஆனந்தக்கூத்தன் உமையம்மை காணத் திருநடம் இயற்றுகின்றனன். காண்பாரும் காட்டுவாரும் ஆண்டு உளர். பெருந்தூபியின் வெறுமையோ, அறிவார், அறியப்படுபொருள் என்னும் வேறுபாடு முழுதும் ஒழிந்த நிலையைக் குறிப்பதென மகாயானத்தார் கூறுவர். நாம் கூறும் முத்தியில் மலம் ஒழியுமேயன்றி உயிர் ஒழியாது. தாளும் தலையும் புணர்ந்து தாடலை எனச் சொல் ஒன்றாயவிடத்தும் இரண்டன் பொருளும் கெடாதவாறு போல, உயிர் சிவத்தோடு அத்துவிதமாய் நின்று இன்பம் நுகரும். நுகர்வோன் இல்லாதவிடத்து இன்பம் யார்க்கு என்பதே சித்தாந்தி அத்தூபியின் முன் நின்று கேட்கும் வினா.

அரசர் காட்டிய நெறி

கொள்கை வேறாயவிடத்து ஒழுகுமாறு யாங்ஙனம் என்பதற்கும் இவ்வரலாற்றில் விடையுண்டு. சைலேந்திர குலத்தவனும் கடாரத்தரசனுமாகிய மாரவிசயோத்துங்கவர்மன், தன் தந்தையாகிய சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரம் எடுப்பித்தனன். அதற்கு ஆனைமங்கலமென்னும் ஊரை முதலாம் இராசராச சோழதேவர் தமது 21-ஆம் ஆட்சியாண்டிற் பள்ளிச்சந்தமாக அளித்தனர். இஃது ஏறக்குறைய கி. பி. 1006. நான்கு ஆண்டுகள் கழித்து, 1010-இல், தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலை நிறைவேற்றியவரும் அவரே. சிவபாதசேகரரெனப் பெயர்கொண்ட அவர் சைவத்திற் குறைந்தவரெனக் கூறுவார் யார்? அவர்க்குப்பின் இராசேந்திர சோழதேவர் அவ்வறத்தைச் செப்பேட்டிற் பொறிப்பித்து உறுதிசெய்தனர்; லெய்டன் பெருஞ்செப்பேடு என வழங்குவது அதுவே. அவ்விகாரத்தைச் சார்ந்ததாகக் கருதப்பட்ட பழங்கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டமையின், இன்று ஆண்டுக் காணற்கு ஒன்றுமில்லை. செப்பேடு அதற்கு எஞ்சிய நினைவுகளுள் ஒன்றாயிற்று.

சாவகத்திலோ, பிற்காலத்து மயபாகித்துப் பேரரசில் சிவபுத்த ஒருமை பேசும் கொள்கை பரவிற்று. பதினான்காம் நூற்றாண்டில் எம்பு தந்துலர் இயற்றிய சுதசோமம் என்னும் காவியம் அதனைக் கூறுகின்றது. இந்தோனேசியத் தேசத்தின் முத்திரைவாசகம் அந்நூலினின்றும் எடுக்கப்பட்டதே. நாட்டினர் பகையின்றி வாழ்தற்கு அவ்வாசகம் உதவுவதை யாம் போற்றுகின்றோம். ஆயின், அரசியலில் ஒற்றுமை வேண்டுமென்பதனால் தத்துவத்தில் வேற்றுமை இல்லையெனல் ஆகாது. இராசராசர் விகாரத்திற்கு ஊர் கொடுத்தது பௌத்தமும் சைவமும் ஒன்றென்று கருதியன்று. வேறெனத் தெரிந்தே கொடுத்தனர். வேறெனத் தெரிந்து கொடுத்த கொடையே பெருங்கொடை.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், போரோபுதூர் ஆலயம் மகாயானக் கொள்கையைப் பிறழாது காட்டும் கல்நூலென்பதூஉம், அதன் வடிவும் தொகையும் நம் நூல்களோடு ஒக்குமிடங்கள் பலவாயினும் பொருள் அவ்விடந்தோறும் வேறுபட்டுச் செல்கின்றதென்பதூஉம், உண்மை ஒப்புமை அருவத்தையும் கடந்த முடிபு ஒன்றை நாடுதலேயென்பதூஉம், அம்முடிவில் நிற்பது யாதென்னும் வினாவிலேயே இரு நெறியும் பிரிகின்றனவென்பதூஉம் பெறப்பட்டன.

சாக்கிய நாயனார் காஞ்சியிற் பௌத்தநூல் முற்றக் கற்று, அதன்பின் சிவமே பொருளெனத் தெளிந்து, பௌத்த வேடம் நீங்காமலே நாடோறும் சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்து வழிபட்டனர். புறத்தே வேடமும் செயலும் வேறு. அகத்தே அன்பு ஒன்று. புறத்தோற்றம் கொண்டு அவரை விலக்கினார் பிழைத்தார். அவ்வாறே புறத்தோற்றம் கொண்டு இரண்டு ஆலயங்களை ஒன்றென இணைப்பாரும் பிழைப்பர். இரண்டு பிழையும் கற்றலின்மையாற் பிறப்பன. மடாலயங்களிற் பரபக்கம் பாடங்கேட்கும் மாணவர், மறுப்புரையை மனனம் செய்வதோடமையாது, மறுக்கப்படும் மதத்தின் நூல்களையும் அதன் ஆலயங்களின் அமைப்பையும் கற்றறிவாராயின், தம் சித்தாந்தத்தின் அருமையும் அவர்க்கு அப்பொழுதே தெற்றெனப் புலனாகும். அத்தகைய கல்விக்குத் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.